தட்சிணசித்ராவுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கிறது தட்சிணசித்ரா. தென்னிந்தியாவின் பழைய வீடுகள், கைவினைகள், நாட்டார் கலைகள் ஆகியவற்றுக்கான அருங்காட்சியகம். பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், “அங்கே பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது, எப்போது போகலாம்?” என்று தெரிந்தவர்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் தருகிறேன். இது அருங்காட்சியகத்தின் அதிகாரபூர்வப் பக்கம் அல்ல. பிள்ளைகளோடு அங்கே போய்வருகிற ஒரு அம்மா எழுதுவது.

இது எந்த மாதிரி மியூசியம்? கண்ணாடிப் பெட்டிக்குள் பொருள் வைத்திருப்பார்களா?

அப்படிப்பட்ட காட்சிக்கூடங்களும் உண்டு. ஆனால் முக்கியமான காட்சிப்பொருள் வீடுகள்தான். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா பகுதிகளைச் சேர்ந்த 18 வீடுகள் சுமார் 10 ஏக்கரில் தெருத்தெருவாக நிற்கின்றன. உள்ளே போகலாம், திண்ணையில் உட்காரலாம், முற்றத்தில் நின்று வானத்தைப் பார்க்கலாம்.

பல வீடுகள் வேறு ஊர்களில் மக்கள் வாழ்ந்த உண்மையான வீடுகள். இடித்து மரத்தை விற்றுவிடலாம் என்று உரிமையாளர்கள் நினைத்த நேரத்தில் வாங்கி, தூண் தூணாக, உத்தரம் உத்தரமாகக் குறித்துவைத்துப் பிரித்து, லாரியில் கொண்டுவந்து, அந்தந்த ஊர்க் கைவினைஞர்களையே வைத்துத் திரும்பக் கட்டினார்கள். இதைச் செய்தது 1984-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன். அதை நிறுவியவர் டெபோரா தியாகராஜன். நிலத்தைத் தமிழக அரசு குத்தகைக்குக் கொடுத்தது. வளாகத்தைத் திட்டமிட்டவர் கேரளத்தில் செலவு குறைந்த செங்கல் கட்டடங்களுக்குப் பேர்போன லாரி பேக்கர். அவர் வழியில் வந்த பென்னி குரியாகோஸ் அந்தப் பணியைத் தொடர்ந்தார். 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து மியூசியம் ஆக்கும் யோசனைக்கு நூறாண்டுக்கு மேல் வயது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் 1891-இல் திறந்த ஸ்கான்சன்தான் இந்த வகைக்கு முன்னோடி.

எந்தக் கிழமை போவது நல்லது?

செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதை மறந்து பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு போய் வாசலில் நிற்க வேண்டாம்.

ஆட்டம் பாட்டம், பொம்மலாட்டம் எல்லாம் பார்க்க வேண்டுமென்றால் சனி, ஞாயிறு. கூட்டம் இருக்கும், ஆனால் கலைஞர்களும் அன்றுதான் அதிகம். பிள்ளை நிதானமாக ஒரு வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் வாரநாள் மேல். சக்கரத்தின் முன்னால் வரிசை இருக்காது, குயவரும் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். வாரநாளில் பள்ளிக் குழுக்கள் வந்து இறங்கினால் ஒரு மணி நேரம் இரைச்சலாக இருக்கும். அந்த நேரத்தில் கேரள வீடுகள் பக்கம் நகர்ந்துவிடுங்கள்.

எந்த நாளானாலும் காலை 10 மணிக்கு, திறந்ததும் உள்ளே போவது உத்தமம். கடலோரம் என்றாலும் மதிய வெயில் சென்னை வெயில்தான்.

வருடத்தில் எப்போது என்ன நடக்கும்?

பண்டிகைகளை ஒட்டித்தான் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அமையும். ஜனவரியில் பொங்கல். மார்ச், ஏப்ரலில் யுகாதி, விஷு, தமிழ்ப் புத்தாண்டு. ஆவணியில் ஓணம், புரட்டாசியில் நவராத்திரிக் கொலு. டிசம்பரில் குளிர்ந்த காற்றும் வெளிநாட்டு விருந்தினர்களும் கைவினைச் சந்தைகளும் சேர்ந்துகொள்ளும். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கான முகாம்கள், பட்டறைகள். இவை தவிர ஏப்ரல் 18 உலக மரபு நாள், மே 18 உலக அருங்காட்சியக நாள். இந்த இரண்டு தேதிகளையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். எந்த ஊரில் எந்த மியூசியமானாலும் அன்றைக்கு ஏதாவது சிறப்பு ஏற்பாடு இருக்க வாய்ப்பு அதிகம்.

பட்டியல் வருடாவருடம் மாறும். கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தையும் சமூக ஊடகப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். பட்டறைகளுக்கு முன்பதிவு தேவைப்பட்டால் அங்கேதான் சொல்வார்கள்.

பொங்கலா, நவராத்திரியா என்று கேட்டால் நான் நவராத்திரி என்பேன். பொங்கலை வீட்டிலேயே நன்றாகக் கொண்டாடிவிடுகிறோம். ஆனால் கொலு வைக்கும் வழக்கமில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு, மண்ணும் காகிதக்கூழும் வண்ணமும் சேர்ந்து பொம்மை ஆவதைப் பக்கத்திலிருந்து பார்க்க இதுபோல வாய்ப்பு அமைவது அரிது.

பிள்ளைகள் கையால் செய்துபார்க்க என்னென்ன இருக்கும்?

குயவர் சக்கரம், பனையோலை வேலை, கூடை முடைதல், துணியில் அச்சு குத்துதல், மருதாணி, கண்ணாடி மணி செய்வதைப் பார்த்தல் என்று நாளுக்கு நாள் மாறிவரும். பெரும்பாலானவற்றுக்கு அங்கேயே ஒரு சிறு தொகை தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் செய்துவிட வேண்டும் என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுகிற பெற்றோரை அங்கே எப்போதும் பார்க்கலாம். பத்து நிமிடம் பானை, பத்து நிமிடம் ஓலை, பத்து நிமிடம் மருதாணி. கையில் நான்கு பொருள் இருக்கும், மனதில் ஒன்றும் இருக்காது. ஒரு நாளைக்கு ஒரு வேலை போதும் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஒன்றை முழுதாகச் செய்யட்டும்.

பானையையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் மண்ணை நிறுத்துவதுதான் கஷ்டமான பகுதி. அதைக் குயவரே செய்துவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்து வாயை மட்டும் விரிக்க வைப்பார். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால், “அண்ணா, மண்ணை நடுவில் நிறுத்தவும் ஒருமுறை செய்துபார்க்கட்டுமா?” என்று கேட்கச் சொல்லுங்கள். கூட்டமில்லாத நாளில் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். மண் கோணிக்கொண்டு கைக்கு அடங்காமல் சுழலும்போதுதான், பக்கத்தில் இருப்பவர் இரண்டு நிமிடத்தில் சொப்பு எடுப்பது எத்தனை வருடப் பழக்கம் என்று பிள்ளைக்குப் புரிகிறது. ஏரி மண்ணா, குளத்து மண்ணா, மணல் எவ்வளவு கலக்கிறார்கள், ஏன் கலக்கிறார்கள் என்றும் கேட்கட்டும். மணல் சேராத களிமண் காயும்போது வெடித்துவிடும்.

பனையோலை சின்னக் கைகளுக்கு இன்னும் தோது. ஓலையை நனைத்துப் பதமாக்கித் தருவார்கள். காற்றாடி, குருவி, கிலுகிலுப்பை எல்லாம் சீக்கிரம் வந்துவிடும். மடிப்பு பிசகினால் பிரித்துத் திரும்ப மடிக்கலாம் என்பதால், தோற்றால் அழுகிற பிள்ளைக்கு இதையே பரிந்துரைப்பேன்.

செய்த பானையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தண்ணீர் ஊற்றியதும் கரைந்துவிட்டதே?

அது சுடாத மண். சூளையில் பல நூறு டிகிரி சூட்டில் வெந்தால்தான் மண் தண்ணீரைத் தாங்கும். காரில் வெயில் படும் இடத்தில் வைக்காமல், நிழலில் சில நாள் மெதுவாகக் காயவிடுங்கள். அப்புறம் பென்சில் வைக்கலாம், வண்ணம் பூசலாம். செடிக்கும் தண்ணீருக்கும் வேண்டாம்.

என் மகளுக்கு மூன்று வயது. கூட்டிப் போகலாமா?

தாராளமாக. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மண்ணில் விளையாடட்டும், திண்ணையில் ஏறி இறங்கட்டும். மாற்றுத் துணி, தொப்பி, தண்ணீர் அவசியம். பழைய வீடுகளில் நிலைப்படி உயரம், தள்ளுவண்டியை ஒவ்வொரு வாசலிலும் தூக்க வேண்டிவரும். பறை, தவில் நிகழ்ச்சி நடந்தால் முதல் வரிசையில் உட்கார வேண்டாம். சத்தத்தில் மிரண்ட பிள்ளை அப்புறம் எதையும் ரசிக்காது.

பதின்மூன்று வயதுப் பையன் “போர் அடிக்கும்” என்கிறான். அவனுக்கு அங்கே என்ன இருக்கிறது?

வீடுகள் இருக்கின்றன. “சுற்றிப் பார்” என்று விட்டால் போர்தான் அடிக்கும். அவனிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து விடுங்கள்: இந்த வீட்டை ஏன் இப்படிக் கட்டினார்கள்?

ஆந்திரக் கடற்கரையின் சுட்டில்லு வீட்டில் தொடங்கலாம். வட்டமான மண்சுவர், தாழ இறங்கிய கூரை. புயல் அடிக்கும் கரை அது. மூலை இல்லாத வட்டச் சுவரைக் காற்று மோதித் தள்ளாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். அங்கிருந்து திருநெல்வேலிப் பக்கத்து அக்ரகார வீடுகளுக்கு வந்தால், இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. அப்படியானால் வெளிச்சமும் காற்றும் எங்கிருந்து வரும்? முற்றத்திலிருந்துதான். இதைச் சொல்லிவிடாமல் அவனே கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள்.

கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுவர் முதற்கொண்டு மரம், நெல் பத்திரப்படுத்தும் அறையும் வீட்டுக்குள்ளேயே. மழை கொட்டுகிற ஊர் என்பதால் சரிந்த கூரை. அதற்கு நேர்மாறாக, வட கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீட்டில் கல். மழை குறைவு, கல் தாராளம். தெலங்கானாவின் கொய்யலகூடெம் நெசவாளர் வீட்டில் இன்னொரு புதிர் இருக்கிறது. இக்கத் துணியில் பூவை நெய்த பிறகு வரைவதில்லை, அச்சு குத்துவதுமில்லை. தறியில் ஏற்றும் முன்பே நூலைக் கணக்குப்படி கட்டிச் சாயத்தில் முக்கிவிடுகிறார்கள். நெய்யும்போது பூ தானாக வந்து சேருகிறது. கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளை இதில் நின்றுவிடும்.

செட்டிநாட்டுக் கொத்தமங்கலத்திலிருந்து வந்த வணிகர் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவையும் தூண்களையும் முதலில் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் சிறியதாகத் தெரியும். பர்மாவோடு வணிகம் செய்தவர்கள் தேக்கையும் அங்கிருந்தே கொண்டுவந்தார்கள் என்று சொன்னால், வரலாற்றுப் பாடத்தில் படித்தது அவன் கைக்கு எட்டும் தூரத்தில் தூணாக நிற்கும்.

தாத்தா, பாட்டியை அழைத்துப் போகலாமா? நடக்க முடியுமா?

படிகளும் நிலைப்படிகளும் உண்டு, மெதுவாகத்தான் போக வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்கு எல்லா வீடும் வேண்டாம். தமிழ்நாட்டுப் பகுதி போதும். உட்காரத் திண்ணைகளுக்குக் குறைவில்லை.

ஆனால் கட்டாயம் அழைத்துப் போங்கள் என்பேன். உரல், அம்மி, திருகை, குதிர் பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் பலகையைப் பிள்ளைகள் படிப்பதில்லை. “இதில்தான் எங்கம்மா கேழ்வரகு திரிப்பார்கள். பிடியை இப்படிப் பிடிக்கணும்” என்று பாட்டி சொன்னால் காது கொடுக்கிறார்கள். வீட்டில் கேட்டால் “அந்தக் காலத்துக் கதை எதற்கு?” என்று ஒதுங்குகிற பெரியவர்கள்கூட அந்த முற்றத்தில் உட்கார்ந்ததும் பேச ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் குறுக்கே பேசாமல் இருந்தால் போதும். முடிந்தால் கைப்பேசியில் குரலைப் பதிந்துவையுங்கள்.

பொம்மலாட்டம், கூத்து எல்லாம் பிள்ளைகளுக்குப் புரியுமா?

கதை தெரிந்திருந்தால் புரியும். போகும் வழியில் காரிலேயே கதையைச் சொல்லிவிடுங்கள். திரௌபதி யார், சூதாட்டம் ஏன் நடந்தது என்ற அளவுக்குத் தெரிந்தால் தெருக்கூத்தில் பாதி பிடிபட்டுவிடும். மீதியைக் கட்டியக்காரன் பார்த்துக்கொள்வான். கூத்தை நடத்திக்கொண்டு போகிறவனும் அவன்தான், சிரிக்க வைக்கிறவனும் அவன்தான். ஊரில் விடிய விடிய நடப்பது இங்கே சுருக்கமாக நடக்கும். எப்போதாவது ஒருமுறை ஊர்த் திருவிழாவுக்கே கூட்டிப் போய் முழுக் கூத்தையும் காட்டுவது நல்லது.

பொம்மலாட்டம் என்றால் ஒரு வேலை செய்யுங்கள். ஆட்டம் முடிந்ததும் திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். தமிழ்நாட்டுக் கயிற்றுப் பொம்மைகளில் சில நான்கரை அடி உயரம், பத்துக் கிலோ எடை இருக்கும். கயிறுகளை ஒரு வளையத்தில் கட்டி, அந்த வளையத்தை ஆட்டுபவர் தன் தலையில் மாட்டிக்கொள்வார், கைகளில் கம்பிகள். பொம்மையோடு சேர்ந்து அவரும் ஆடுகிறார் என்பது முன்னால் இருந்து பார்த்தால் தெரியாது.

தோல்பாவை வேறு வகை. ஆந்திரத்துப் பாவைகள் பெரியவை, வெளிச்சம் ஊடுருவி வண்ணம் திரையில் விழும். கேரளத்துத் தோல்பாவைக்கூத்துக்கும் நமக்கும் நெருங்கிய உறவு உண்டு. பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களை ஒட்டிய கூத்துமாடங்களில், திரைக்குப் பின்னால் 21 விளக்குகளை ஏற்றிவைத்து அவர்கள் பாடுவது கம்பராமாயணம். தமிழ்ச் செய்யுளைப் பாடி மலையாளம் கலந்து விளக்கம் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் கம்பன் பாட்டு பெரும்பாலும் மேடைக்கும் வகுப்பறைக்கும் ஒதுங்கிவிட்ட காலத்தில், அங்கே நிழலாட்டத்தில் அது வாழ்கிறது. இந்தக் கலை எந்த மியூசியத்துக்கு வந்தாலும் தவறவிடாதீர்கள்.

கைவினைப் பொருள் வாங்கும்போது பேரம் பேசலாமா?

வேண்டாம். பிள்ளையின் கண் முன்னால் நிச்சயம் வேண்டாம். அரை நாள் உட்கார்ந்து முடைந்த கூடைக்கு 50 ரூபாய் குறைக்கச் சொல்லிவிட்டு, வெளியே வந்து அதைவிட அதிகம் கொடுத்து ஐஸ்கிரீம் வாங்கினால், எந்த வேலைக்கு என்ன மதிப்பு என்று பிள்ளை நம்மிடமிருந்தே கற்றுக்கொள்கிறது. கட்டுப்படியாகாவிட்டால் சின்னதாக ஒன்று வாங்குங்கள், அல்லது வாங்காமல் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். அதில் தவறே இல்லை.

படம், வீடியோ எடுக்கலாமா?

வேலை செய்துகொண்டிருப்பவரை எடுக்கும் முன் அவரிடம் கேளுங்கள். எடுத்த படத்தை அவருக்கும் காட்டுங்கள். மற்றபடி, பெரிய கேமரா, திருமணப் படப்பிடிப்பு போன்றவற்றுக்கு அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

போக்குவரத்து, சாப்பாடு, கட்டணம்?

மாமல்லபுரம், கோவளம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும் பேருந்தில் ஏறி முட்டுக்காட்டில் இறங்கலாம். ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லிவிடுங்கள். உள்ளே உணவகம் உண்டு. பெரியவர், மாணவர், சிறுவர் என்று கட்டணம் தனித்தனி. மாணவர் அடையாள அட்டையை எடுத்துப்போங்கள்.

அதே நாளில் மாமல்லபுரமும் பார்த்துவிடலாமா?

பார்க்கலாம், ஆனால் இரண்டையும் பார்த்த மாதிரி இருக்காது. வெளியூரிலிருந்து வந்திருக்கிறீர்கள், வேறு நாளில்லை என்றால் காலையில் தட்சிணசித்ரா, நான்கு மணிக்கு மேல் கடற்கரைக் கோயில். உள்ளூர்க்காரர்கள் தயவுசெய்து இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளியிலிருந்து வகுப்பையே அழைத்துப் போக நினைக்கிறோம். யோசனை?

பள்ளிகளுக்கென்று அவர்களிடம் தனி ஏற்பாடுகள் உண்டு. முன்கூட்டியே பேசிப் பட்டறையும் கலை நிகழ்ச்சியும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முப்பது கேள்வி அடங்கிய தாளைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லாதீர்கள். பலகையில் எழுதியிருப்பதை நகலெடுப்பதிலேயே பொழுது போய்விடும், வீட்டை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ஐந்தாறு பேராகப் பிரித்து ஆளுக்கொரு வீடு கொடுங்கள். அந்த வீட்டில் அரை மணி நேரம் இருந்து, தளத்தை வரைந்து, இந்த வீட்டில் யார் எங்கே தூங்கியிருப்பார்கள், எங்கே சமைத்திருப்பார்கள், யார் திண்ணையோடு நின்றிருப்பார்கள் என்று பேசட்டும். கடைசிக் கேள்வி முக்கியம். அக்ரகாரத்தையும் குயவர் வீட்டையும் கூடை முடைபவர் வீட்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, சாதியைப் பற்றிப் பிள்ளைகள் தாங்களாகவே கேட்பார்கள். அப்போது பேச்சை மாற்றிவிடாமல், தெரிந்ததை நேராகச் சொல்ல ஆசிரியர் தயாராக வர வேண்டும்.

நாங்கள் சென்னையில் இல்லை. இதுபோல் வேறெங்கே போகலாம்?

மதுரை, சிவகங்கை பக்கம் என்றால் 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம். கட்டடமே செட்டிநாட்டுப் பாணியில் இருக்கும். பானை ஓட்டில் கீறிய எழுத்துகளைப் பார்த்துவிட்டு, அருகே அகழாய்வு நடந்த இடத்தையும் பார்க்கலாம். பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஜே.பி. நகரில் இந்திய இசை அனுபவ அருங்காட்சியகம். அங்கே வெளித் தோட்டத்தில் பிள்ளைகள் தட்டியும் தேய்த்தும் ஒலி எழுப்பிப் பார்க்கும் கருவிகளை நிறுவியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் அதைவிட்டு நகர மாட்டார்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. சென்னைக்கு ரயிலில் வந்து இறங்குபவர்களுக்கு மிக அருகில். அங்கே போனால் வெண்கலச் சிற்பக் கூடத்துக்கு முதலில் போங்கள், பிள்ளைகள் களைப்பதற்கு முன்.